தற்குறி: டார்செட்டில் ஐந்து நாள்

முதல் நாள், செவ்வாய்

அத்தையின் கைப்பையில் ஒரு தாள் இருக்கிறது. 1829-ம் வருடத்துக் கல்யாணப் பதிவு ஒன்றின் நகல். அச்சடித்த நாலைந்து வரிகள், நடுநடுவே பாதிரியார் கையால் நிரப்பிய இடங்கள். மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும் இருக்கிறது. அதைச் சுற்றி, 'இது இன்னாருடைய குறி' என்று பாதிரியாரே எழுதிவிட்டார். அதற்குக் கீழே மணப்பெண் தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறாள். சிலேட்டில் எழுதிப் பழகும் பிள்ளையின் எழுத்து மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தைத் தொடாமல் நிற்கிறது.

பெருக்கல் குறி போட்டவர் என் மாமியாருடைய தாத்தாவின் தாத்தா. நம் கணக்கில் பாட்டன், பூட்டன், ஓட்டன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் மாமியாரை 'அத்தை' என்றுதான் கூப்பிடுகிறேன், அவருக்கும் பழகிவிட்டது. போன மாதம் 'ஓட்டன்' என்ற சொல்லையும் கற்றுக்கொடுத்தேன். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பெருக்கல் குறிக்காரர் ஓட்டன்தான்.

அத்தைக்கு வயது எழுபத்தாறு. முட்டி முன்போல ஒத்துழைப்பதில்லை. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு சொல்ற வயசு எனக்குத் தாண்டிடுச்சும்மா" என்றார். அதனால் இந்த ஜூன் மாதமே ரெடிங்கிலிருந்து காரில் கிளம்பிவிட்டோம். சவுத்தாம்ப்டன் தாண்டி, நியூ ஃபாரஸ்ட் காட்டைக் கடந்து, பியர் ரீஜிஸ் வழியாக, டார்செட் மாவட்டத்தின் தலைநகரான டார்செஸ்டர். பியர் ரீஜிஸ் வந்ததும் மண்ணே மாறிவிடுகிறது. உழுத நிலத்தில் சக்கிமுக்கிக் கல் துண்டுகளும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளும் இறைந்து கிடக்கின்றன.

வழியில் அத்தைக்குத் தற்குறி என்ற சொல்லைச் சொன்னேன். எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் போடும் கீறலுக்குத் தமிழில் அதுதான் பெயர். தன் குறி, தற்குறி. பிற்பாடு படிக்காதவரைத் திட்டும் வார்த்தையாகப் போய்விட்டது. அத்தை தாளை எடுத்துப் பார்த்தார். "இங்கேயும் அதேதானே எழுதியிருக்கு. ஹிஸ் மார்க்."

குடும்பப் பெயரையும் ஊர்ப் பெயர்களையும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் இன்னும் தூரத்து உறவினர்கள் இருக்கிறார்கள். ஓட்டன் பிறந்த ஊரை மேலூர் என்றும், கல்யாணம் செய்துகொண்ட ஊரைக் கீழூர் என்றும் எழுதுகிறேன். நடுவில் ஆறு மைல். இரண்டுமே பிடில் ஆற்றுக்கும் பியர் ரீஜிஸுக்கும் இடைப்பட்ட சிற்றூர்கள்.

அத்தையின் அப்பா ஒரு கதை சொல்வாராம். "நமக்கு டார்செட்டில் சொந்தப் பண்ணை இருந்தது. சூதாடித் தொலைத்துவிட்டார்கள்." அந்தப் பண்ணை எங்கே என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தை முதலில் ஆசைப்பட்டார்.

இரண்டாம் நாள், புதன்

டார்செட் ஹிஸ்டரி சென்டர், அதாவது ஆவணக் காப்பகம். மாவட்டத்து பாரிஷ்களின் பழைய ஏடுகளெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. பையை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும்தான்.

பாரிஷ் என்றால் நமக்கு உடனே கிறிஸ்தவக் கோயில்தான் நினைவுக்கு வரும். இங்கே அது அந்தக் காலத்துப் பஞ்சாயத்தும்கூட. சாலை போடுவது, ஏழைக்குக் கஞ்சி ஊற்றுவது, அதற்கு வரி தண்டுவது எல்லாம் பாரிஷின் வேலை. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பாரிஷும் எழுதிவைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டது 1538-ல். அரசாங்கமே பிறப்பு இறப்பைப் பதிய ஆரம்பித்தது 1837 ஜூலையில்தான். நடுவில் கிட்டத்தட்ட முந்நூறு வருடம், ஒரு கூலிக்காரன் இந்த உலகத்தில் இருந்தான் என்பதற்கு அநேகமாக இந்த ஏடுகள்தான் சாட்சி. அவற்றைப் பூட்டிவைக்க ஊர்க் கோயிலில் ஒரு பெட்டி, அதற்கு மூன்று பூட்டு. ஒரு சாவி பாதிரியாரிடம், மற்ற இரண்டும் கோயில் பொறுப்பாளர்கள் இருவரிடம். மூன்று பேரும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும்.

ஏடுகளின் படங்களைத் திரையில்தான் பார்க்கிறோம். மூல ஏடு நைந்துவிடும் என்பதால் வெளியே தருவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஓட்டனின் ஞானஸ்நானத்தை அத்தை மூன்று வருடமாக இணையத்தில் தேடியிருக்கிறார். கிடைக்கவே இல்லை. எந்தத் தளத்தின் அட்டவணையிலும் அந்தப் பெயர் இல்லை. இன்று அட்டவணையை ஒதுக்கிவிட்டு, மேலூர் ஏட்டை 1800-லிருந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தோம். 1813-க்கு முன்னால் அச்சடித்த கட்டமெல்லாம் கிடையாது. பாதிரியார் தன் இஷ்டத்துக்கு வரிவரியாக எழுதிக்கொண்டே போவார். இன்னாருக்கும் இன்னாளுக்கும் மகன், இன்ன தேதி, அவ்வளவுதான். அப்பாவின் தொழில் இருக்காது, வீடு இருக்காது, பெரும்பாலும் பிறந்த தேதிகூட இருக்காது.

மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார். 1806 பிப்ரவரி. தகப்பன் பெயர் சரி, தாய் பெயர் சரி. குடும்பப் பெயரில் முதல் எழுத்தைக் காணோம். எச் என்ற எழுத்தில் தொடங்க வேண்டிய பெயர் அடுத்த எழுத்தில் தொடங்குகிறது. இந்தப் பக்கத்து நாட்டுப்புறப் பேச்சில் எச் விழுந்துவிடும். அப்பா எச் இல்லாமல் சொல்லியிருக்கிறார், பாதிரியார் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். எழுதியது சரியா என்று பார்க்க அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அட்டவணை தயாரித்தவர்கள் கண்ணில் கண்டதைப் பதிந்துவிட்டார்கள். யாரைக் குற்றம் சொல்ல? அப்புறம் எண்ணிப் பார்த்தால் அதே ஏட்டில் அந்தப் பெயர் நாலு விதமாக வருகிறது.

எச் இல்லாமல் தேட ஆரம்பித்ததும் கதவு திறந்த மாதிரி ஆகிவிட்டது. ஓட்டனின் அப்பாவும் கிடைத்தார், 1784-ல். அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓரத்தில் 'பி' என்று ஒற்றை எழுத்து. இது என்ன என்று காப்பகத்து அம்மாவிடம் கேட்டோம். 1783-லிருந்து 1794 வரை பதிவு ஒவ்வொன்றுக்கும் மூன்று பென்ஸ் வரி. பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. அதற்கான அடையாளம் அந்த 'பி'. பாப்பர், அதாவது ஊர்ச் சோற்றில் இருப்பவர். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு அவர்கள் எழுதிவைத்த முதல் விவரம் அது.

அத்தை ஒன்றும் பேசவில்லை. பென்சிலால் தன் நோட்டில் அந்த 'பி'யை அப்படியே எழுதிக்கொண்டார்.

1813-லிருந்து சட்டப்படி அச்சடித்த படிவம். பக்கத்துக்கு எட்டுக் கட்டம். அதில் அப்பாவின் தொழில் என்று ஒரு பத்தி உண்டு. ஓட்டனுக்கு எட்டுப் பிள்ளைகள். 1830-ல் முதல் பிள்ளை, கடைசிப் பிள்ளை 1847-ல். எட்டு முறையும் அந்தப் பத்தியில் ஒரே வார்த்தை: லேபரர், கூலிக்காரர். பாதிரியார்கள் மூன்று பேர் மாறியிருக்கிறார்கள், வார்த்தை மாறவில்லை. எட்டாவது கட்டத்தைப் பார்த்ததும் அத்தை சொன்னார், "அப்போ பண்ணை இல்லை." நான் பதில் சொல்லவில்லை.

பிள்ளைகளில் மூன்று பேரை அடக்க ஏட்டிலும் பார்த்தோம். வயது என்ற பத்தியில் ஒன்றுக்கு 'மூன்று வாரம்' என்று இருந்தது. இன்று இது போதும் என்று கிளம்பிவிட்டோம்.

மூன்றாம் நாள், வியாழன்

இன்றைக்குப் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

பாரிஷ் பெட்டியில் இருந்தது ஞானஸ்நான, கல்யாண ஏடுகள் மட்டுமில்லை. ஏழைகளுக்குச் செலவான ஒவ்வொரு காசுக்கும் கணக்கு இருக்கும், தகராறுகளுக்குக் காகிதம் இருக்கும். கீழூரின் அந்தக் காகிதங்கள் ஒரு அட்டைப்பெட்டியில் இருப்பதாகப் பட்டியலில் பார்த்து, நேற்றே கேட்டு வைத்திருந்தோம். இவை மூலக் காகிதங்கள், கையிலேயே தருவார்கள். கை கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். உறை வேண்டாமாம். உறை போட்டால் விரலுக்குக் காகிதத்தின் கனம் தெரியாமல் கிழித்துவிடுவோமாம்.

இங்கே கொஞ்சம் சட்டம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1662-ல் வந்த செட்டில்மென்ட் சட்டப்படி, ஒவ்வொரு ஏழைக்கும் உரிய பாரிஷ் என்று ஒன்று உண்டு. கஷ்டம் வந்தால் அந்த பாரிஷ்தான் சோறு போட வேண்டும். வேறு பாரிஷில் போய் உதவி கேட்டால், உனக்குரிய ஊர் எது என்று இரண்டு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி விசாரித்து, அங்கே அனுப்பிவிடுவார்கள். பிறந்த ஊரை விட்டு வேறு ஊரில் உரிமை பெறவும் வழிகள் இருந்தன. அதில் ஒன்று, கல்யாணமாகாத ஆள் ஒரு பண்ணையில் முழுசாக ஒரு வருடம் சம்பளத்துக்கு இருந்து வேலை செய்வது.

அந்தப் பெட்டியில் முப்பது நாற்பது விசாரணைக் காகிதங்கள் நான்காக மடித்துக் கிடந்தன. இருபத்தோராவதோ இருபத்திரண்டாவதோ, ஓட்டன். எச் இல்லாமல்.

1832 ஜனவரி. வயது இருபத்தைந்து இருக்கும் என்று சத்தியமிட்டுச் சொல்கிறார். மேலூரில் பிறந்ததாகப் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறார், அப்படியே நம்புகிறார். இது வழக்கமான சட்ட வாசகம்தான், எல்லாக் காகிதத்திலும் இருக்கிறது. ஆனாலும் தன் பிறப்பைப் பற்றி எழுத்தில் எதையும் பார்த்திராத ஒருவரின் வாயில் அது வெறும் வாசகமாகத் தோன்றவில்லை.

பதினாறு வயதில் கீழூரில் ஒரு பண்ணைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார். எவ்வளவு காலத்துக்கு? ஐம்பத்தோரு வாரத்துக்கு.

நான் முதலில் இதைக் கவனிக்கவே இல்லை. அத்தைதான் விரலை வைத்து நிறுத்தினார். "ஏன் ஐம்பத்தொண்ணு?"

காப்பகத்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இதை நிறையப் பார்த்திருக்கிறேன் என்றார். முழு வருடம் வைத்துக்கொண்டால் அந்த ஆளுக்கு ஊரில் உரிமை வந்துவிடும். நாளைக்கு அவன் நோயில் விழுந்தாலோ கிழவனானாலோ ஊர் வரிப்பணத்தில் அவனைக் காப்பாற்ற வேண்டும். அந்த வரியைக் கட்டுகிறவர்களே பண்ணைக்காரர்கள்தான். அதனால் ஒரு வாரம் குறைத்து ஒப்பந்தம் போடுவார்கள். ஓட்டன் அப்பா அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு மறுபடி அதே பண்ணைக்கு வருகிறார். மறுபடி ஐம்பத்தோரு வாரம். இப்படி ஆறு வருடம். அப்புறம் அதே ஊரில் தினக்கூலி. 1829-ல் அதே ஊர்ப் பெண்ணோடு கல்யாணம். இரண்டு பிள்ளைகள். 1831 டிசம்பரில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் நசுங்கியதால் வேலைக்குப் போக முடியவில்லை, உதவி கேட்டிருக்கிறார்.

அத்தை கைப்பை நினைவு வந்து, லாக்கருக்குப் போய்க் கல்யாணப் பதிவை எடுத்து வந்தார். அதில் தெளிவாக இருக்கிறது: 'இந்த பாரிஷைச் சேர்ந்தவர்.' மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தபோதும் அப்படித்தான் வாசித்திருப்பார்கள். பாதிரியார் 'இந்த ஊர்க்காரர்' என்று எழுதி இரண்டரை வருடம்கூட ஆகவில்லை. அதே ஊர் இப்போது 'நீ எங்கள் ஊர்க்காரன் இல்லை' என்கிறது. இரண்டு காகிதமும் இத்தனை காலம் ஒரே பெட்டிக்குள் இருந்திருக்கின்றன.

விசாரணைக் காகிதத்துக்கு அடியில் வெளியேற்ற உத்தரவு. அதில் ஓட்டன் பெயர், மனைவி பெயர், இரண்டு பிள்ளைகள், அவர்கள் வயது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் புருஷனுடைய ஊர்தான் சட்டப்படி ஊர். அந்தப் பெண் கீழூரிலேயே பிறந்தவள், அங்கேயே ஞானஸ்நானம் பெற்றவள், அந்தக் கோயில் ஏட்டில் தன் பெயரைத் தன் கையால் எழுதியவள். அவளையும் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஏழைகளுக்கான செலவைக் கவனித்த பாரிஷ் மேற்பார்வையாளரின் கணக்குப் புத்தகத்தில் அந்த வாரம் ஒரு வரி: அவர்களை மேலூருக்கு ஏற்றிப்போன வண்டிக்கு நாலு ஷில்லிங். ஓட்டன் கேட்ட உதவி என்ன தெரியுமா? குணமாகும்வரை வாரத்துக்கு மூன்று ஷில்லிங்.

எனக்குக் கோபம் வந்தது. இருநூறு வருடம் கழித்து, என் ஊரும் இல்லை, என் ரத்தமும் இல்லை, இருந்தாலும் வந்தது. சாலையில் வந்து நின்றபோதும் அந்த ஐம்பத்தோரு வாரம் மனதை விட்டுப் போகவில்லை. எவ்வளவு நிதானமாக உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

காகிதத்தின் கீழே குறி. திரையில் பார்த்த கல்யாணக் குறி வெறும் படம். இது நிஜம். இரண்டு கோடு. முதல் கோடு மேலே இடப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. பேனாவை அழுத்திப் பிடித்ததில் தொடக்கத்தில் மை திரண்டு ஒரு மிளகு அளவுக்கு நிற்கிறது. இறகுப் பேனா காகிதத்தைச் சுரண்டிய இடத்தில் இழை கிளம்பியிருக்கிறது. இரண்டாவது கோடு முதல் கோட்டைவிட நீளம், முடிகிற இடத்தில் லேசாக வளைந்து மேலே ஏறுகிறது. காகிதத்தைத் திருப்பினால் பின்பக்கம் அந்த இரண்டு கோடும் மேடாகத் தட்டுப்படுகிறது. அவ்வளவு அழுத்தம். ஏர் பிடித்த கை.

அவரைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ வரி எழுதியிருக்கிறார்கள். அவர் கை பட்டது இது ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்தது. அத்தை அனுமதி கேட்டுக்கொண்டு, விரல் நுனியைப் பின்பக்கத்து மேட்டின்மேல் வைத்து ரொம்ப நேரம் எடுக்காமலே இருந்தார்.

நான்காம் நாள், வெள்ளி

மேலூர். இருபத்தைந்து முப்பது வீடு. மண்சுவரும் வைக்கோல் கூரையும் கொண்ட வீடுகள் இப்போது கொள்ளை விலை. கூலிக்காரர்கள் யாரும் வாங்க முடியாது.

கோயில் திறந்தே இருந்தது. இங்கிலாந்தின் சிற்றூர்க் கோயில்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், யாரும் இல்லாமல் திறந்து கிடக்கும். உள்ளே மேற்குக் கதவை ஒட்டி ஞானஸ்நானத் தொட்டி. சாம்பல் நிறக் கல், நார்மன் காலத்தது என்று ஒரு அட்டையில் எழுதியிருந்தது. அப்படியானால் 1784-ல் 'பி' போட்ட குழந்தையையும் இதில்தான் நனைத்திருப்பார்கள், 1806-ல் ஓட்டனையும், மூன்று வாரத்தில் போய்விட்ட அந்தப் பிள்ளையையும். அத்தை தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தொட்டியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றித் தடவினார். எட்டு நூற்றாண்டு கை பட்டு விளிம்பு வழவழவென்று ஆகியிருக்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் ஓட்டனைத் தேடவில்லை. 1869-ல் அடக்கம் என்று ஏட்டில் இருக்கிறது, ஆனால் கூலிக்காரருக்குக் கல் நாட்ட யாரிடம் காசு? மரச்சிலுவை வைத்திருந்தால் பத்து இருபது வருடத்தில் மக்கிப்போயிருக்கும். கோயிலைச் சுற்றி மண் மேடிட்டு, கோயிலே பள்ளத்தில் இறங்கி நிற்கிற மாதிரி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் ஆளைப் புதைத்துப் புதைத்து மண் உயர்ந்துவிட்டது. கல் இருப்பவர்கள் முப்பது பேர். கல் இல்லாமல் அந்த மேட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேரோ. அத்தை புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

அப்புறம் அந்தப் பண்ணை. நேற்று கிளம்பும் முன் மேலூரின் டைத் வரைபடத்தையும் பார்த்து, போனில் படம் எடுத்து வைத்திருந்தோம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகக் கோயிலுக்குக் கொடுத்ததைப் பண வாடகையாக மாற்ற 1836-ல் சட்டம் வந்தது. அதற்காக ஊர் ஊராக ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அளந்து, எண் போட்டு, சொந்தக்காரர் யார், அனுபவிப்பவர் யார் என்று எழுதிவைத்தார்கள். ஓட்டன் பெயர் அதில் இருக்கிறது! சொந்தக்காரர் பத்தியில் ஊர்ப் பிரபு, அனுபவிப்பவர் பத்தியில் ஓட்டன். குடிசையும் தோட்டமும், பதினெட்டு பெர்ச். ஒரு ஏக்கருக்கு நூற்றறுபது பெர்ச். நம் கணக்கில் பதினோரு சென்ட்.

வரைபடத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தோம். குடிசை இல்லை. ஒரு வேலிக்குப் பின்னால் யாருடைய குதிரையோ மேய்ந்துகொண்டிருக்கிறது. பதினோரு சென்ட்டில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போட்டிருப்பார்கள். முடிந்தால் ஒரு பன்றி. 1841 கணக்கெடுப்பில் மனைவிக்கு 'பட்டன் செய்பவர்' என்று தொழில் போட்டிருக்கிறது. கம்பி வளையத்தில் நூல் சுற்றி, சக்கரம் மாதிரி பின்னுகிற டார்செட் பட்டன். வயல் வேலையைவிட அதில் கூலி அதிகம், கை மட்டும் அழுக்காகக் கூடாது. 1850-களில் இயந்திரப் பட்டன் வந்து அந்தத் தொழிலை அழித்துவிட்டது. 1861 கணக்கெடுப்பில் அவள் பெயருக்கு எதிரே தொழில் பத்தி காலி.

"அப்பா சொன்ன பண்ணை இதுதான் போல" என்றார் அத்தை. "ஒரு பிள்ளைக்கு இது பெரிசாத்தானே இருந்திருக்கும்." அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்குச் சொல்லி, அது தன் பிள்ளைக்குச் சொல்லி, பதினோரு சென்ட் பண்ணையாகிவிட்டது. சூதாட்டம் எங்கிருந்து வந்து சேர்ந்தது என்று எங்களுக்குப் புரியவில்லை.

திரும்பும் வழியில் டால்பட்டில். தொழிற்சங்க வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த ஊர். பண்ணைக் கூலி வாரத்துக்கு ஒன்பது ஷில்லிங்கிலிருந்து எட்டு, ஏழு என்று இறங்கி, ஆறாகும் என்ற நிலை வந்தபோது கூலிக்காரர்கள் சங்கம் சேர்ந்தார்கள். சங்கம் சேர்வதைச் சட்டம் தடுக்கவில்லை. அதனால் ரகசியமாகச் சத்தியப் பிரமாணம் எடுத்தார்கள் என்று வழக்குப் போட்டு, 1834 மார்ச்சில் ஆறு பேரை ஏழு வருடத்துக்கு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தத் தீர்ப்புச் சொன்னார்கள். நாடே கொதித்து எழுந்ததால் இரண்டு வருடத்தில் மன்னிப்பு வந்தது. ஆறு பேரில் ஜேம்ஸ் ஹாமெட் ஒருவர்தான் ஊரோடு வந்து நிலைத்தவர். மற்றவர்கள் கனடா போய்விட்டார்கள். ஹாமெட் வயதான காலத்தில் கண் பார்வை போய், குடும்பத்துக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று டார்செஸ்டர் ஏழைகள் விடுதிக்குப் போய், 1891-ல் அங்கேயே இறந்தார். டால்பட்டில் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு அழகான கல் இருக்கிறது. சிற்பி எரிக் கில் செதுக்கியது. ஆனால் அது வந்தது 1934-ல். அதுவரைக்கும் அவரும் கல் இல்லாதவர்தான்.

ஓட்டனுக்கும் இவர்களுக்கும் தொடர்பு இருந்ததா என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. அவர்கள் கோர்ட்டில் நின்ற அந்த மார்ச் மாதம், சில மைல் தள்ளி, அதே கூலிக்கு அவர் உழுதுகொண்டிருந்தார் என்பது மட்டும் நிச்சயம். அந்தக் கோர்ட் அறை டார்செஸ்டர் ஷைர் ஹாலில் அப்படியே இருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் சும்மா ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். இன்று இரவு அறைக்குத் திரும்பும்போது அந்தக் கட்டடத்தின் முன்னால் காரை மெதுவாக ஓட்டச் சொன்னார் அத்தை.

ஐந்தாம் நாள், சனி

ஊருக்குத் திரும்பும் நாள். கீழூருக்குப் போய்விட்டுப் போகலாம் என்று அத்தை சொன்னபோது எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. வியாழக்கிழமைக் கோபம் இன்னும் இருந்தது.

வண்டி போன பாதையில் கொஞ்ச தூரமாவது நடக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. மேலூர்ப் பக்கம் காரை நிறுத்திவிட்டு, சுண்ணாம்புக் குன்றின்மேல் ஏறும் மண் பாதையில் அரை மைல் நடந்தோம். அதற்கு மேல் முட்டி இடம் கொடுக்கவில்லை. உச்சியில் வேலிக்கதவில் சாய்ந்து நின்றால் ஒரு பக்கம் மேலூர்க் கோயில் கோபுரம், மறுபக்கம் தூரத்தில் மரங்களுக்கு நடுவே கீழூர்க் கோபுரம். ஜனவரி மாதம், திறந்த வண்டி, கால் நசுங்கிய புருஷன், மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு பிள்ளை. இந்த இடத்தில் அவள் திரும்பிப் பார்த்திருப்பாள். இதற்கு ஆதாரம் எந்தப் பெட்டியிலும் கிடையாது, ஆனால் பார்த்திருப்பாள்.

கீழூர்க் கோயிலும் திறந்திருந்தது. பூ வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். ஓரமாக அந்தப் பெட்டி இருந்தது. ஓக் மரம், இரும்புப் பட்டை, வரிசையாக மூன்று பூட்டு. இப்போது அதற்குள் பாட்டுப் புத்தகங்கள். ஐம்பத்தோரு வாரமும், நாலு ஷில்லிங் வண்டிக் கூலியும், பெருக்கல் குறியும், சிலேட்டு எழுத்தும் வெகுகாலம் இதற்குள்தான் ஒன்றாகக் கிடந்தன.

வாசல் பக்கம் ஒரு சின்ன மேஜையில் பார்வையாளர் புத்தகம், நூலில் கட்டிய பேனா. தேதி, பெயர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று பத்திகள். கனடா, நியூசிலாந்து, பிரிஸ்டல் என்று எழுதியிருந்தார்கள். அத்தை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தேதியை எழுதினார். பெயர் பத்தியில் என் மாமனார் குடும்பப் பெயரை எழுதவில்லை. தன் பிறந்த வீட்டுப் பெயரை, எச் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

அடுத்த பத்தியில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. ரெடிங் என்று எழுதுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழூரின் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.